பிழை யாருடையது?

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் முன்னோர் வாக்கு. இந்தப் பழமொழியைத் தமிழ்க் கட்டுரைகளில் எத்தனையோ முறை எழுதி மதிப்பெண் பெற்றிருக்கிறோம். ஆனால் அதன் உண்மைப் பொருளை நாங்கள் உணர்ந்தது தமிழ் வகுப்பில் அன்று, கணினி அறையில்!

நாங்கள் ஐவரும் இப்பள்ளியின் பழைய மாணவியர். இன்று ஆளுக்கொரு கல்லூரியில் படிக்கிறோம். 2023-24ஆம் கல்வியாண்டில் பதினோராம் வகுப்பு மாணவியராகவும், கணினி மன்றத்தின் உறுப்பினர்களாகவும் இருந்தோம். "தங்கைகளுக்குப் பயன்படும்படி மலருக்கு ஏதேனும் எழுதித் தாருங்கள்" என்று ஆசிரியை கேட்டபோது, நாங்கள் வாங்கிய பரிசுகளைப் பற்றி எழுதலாமா என்றுதான் முதலில் எண்ணினோம். பிறகு, நாங்கள் செய்த ஒரு தவற்றைப் பற்றி எழுதுவதே பயன் தரும் என்று ஐவரும் ஒருமனதாக முடிவு செய்தோம்.

மன்றத்தில் முதல் பாடம்

பதினோராம் வகுப்புப் பாடத்தில் எங்களுக்கு இருந்தது சி++ மொழி. ஆனால் மன்றத்தில் டீச்சர் சி மொழியைக் கற்றுக்கொடுத்தார். "தாயைப் பார்த்துவிட்டால் மகளைப் புரிந்துகொள்வது எளிது" என்பது அவர் சொன்ன காரணம். கணினி அறையில் இருந்தவை பழைய கணினிகள். அவற்றில் டர்போ சி என்னும் பழைய கம்பைலரை ஏற்றி வைத்திருந்தார். நீல நிறத் திரை, மஞ்சள் எழுத்துகள். கைப்பேசியின் வண்ணத் திரைகளைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு அது ஏதோ பாட்டி காலத்துப் பெட்டியைத் திறப்பது போல இருந்தது.

கணினியில் ஓர் எண்ணை வைத்துக்கொள்ள வேண்டுமானால் அதற்கு ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயருக்கு 'மாறி' என்று பெயர். சி மொழியில் மாறியைப் பயன்படுத்துவதற்கு முன்பே, "இந்தப் பெயரில் ஒரு மாறி வரப்போகிறது, அது முழு எண்ணைத் தாங்கும்" என்று எழுதிவிட வேண்டும். இதுவே அறிவிப்பு. முழு எண்ணுக்கு 'இன்ட்', பின்ன எண்ணுக்கு 'ஃப்ளோட்', எழுத்துக்குச் 'சார்' என்று முதலில் இனத்தைக் குறிப்பிட்டு, பிறகு பெயரை எழுதி, அரைப்புள்ளியால் முடிக்க வேண்டும். இவ்வளவுதான் சட்டம். இந்தச் சிறிய சட்டத்துக்குள் எத்தனை விதமாகத் தவறு செய்யலாம் என்பதை முதல் மாதத்திலேயே நாங்கள் காட்டிவிட்டோம்!

எங்களுள் ஒருத்தி அறிவிப்பே எழுதாமல் கணக்கைத் தொடங்கினாள். "இந்தப் பெயர் எனக்குத் தெரியாது" என்னும் பொருள்பட ஒரு பிழைச் செய்தி வந்தது. இன்னொருத்தி 'டோட்டல்' என்பதைச் சிறிய எழுத்தில் அறிவித்துவிட்டுக் கணக்கில் முதல் எழுத்தைப் பெரியதாக இட்டாள். அதே செய்தி மீண்டும் வந்தது. மனிதருக்கு இரண்டும் ஒரே பெயர். சி மொழிக்கு இரண்டும் வெவ்வேறு ஆட்கள். மூன்றாமவள் எட்டாம் வகுப்பு 'பி' பிரிவின் மதிப்பெண்ணுக்கு '8பி' என்றே பெயர் வைத்தாள். பெயர் எண்ணில் தொடங்கக்கூடாது என்பதை அவள் மறந்துவிட்டாள். நான்காமவள் ஒரே பெயரை இரண்டு முறை அறிவித்தாள். ஒரு பெயருக்கு இரண்டு அறிவிப்பு எதற்கு என்று கம்பைலர் கேட்டது. ஐந்தாமவள் 'கிளாஸ்' என்று பெயரிட்டாள். சி மொழியில் அது சரியாக ஓடியது. வீட்டில் பாடப் பயிற்சிக்காகச் சி++ மொழியில் அதையே எழுதியபோது பிழை வந்தது. சி++ மொழி அந்தச் சொல்லைத் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது. நாம் அதைப் பெயராக வைத்துக்கொள்ள முடியாது.

எல்லாவற்றையும் விட எங்களை அழ வைத்தது அரைப்புள்ளிதான். அறிவிப்பு வரியின் கடைசியில் அதை விட்டுவிட்டால், கம்பைலர் அந்த வரியைக் குறை சொல்வதில்லை. அடுத்த வரியைக் காட்டும்! ஒரே ஓர் அரைப்புள்ளியை விட்டதற்கு ஐந்து பிழைகள் என்று ஒரு நாள் திரை காட்டியது. "ஐயோ, அஞ்சு தப்பா!" என்று கை நடுங்கி, சரியாக இருந்த வரிகளையெல்லாம் மாற்றி எழுதி, நிரலையே கெடுத்துவிட்டோம்.

அன்று டீச்சர் சொன்னதை எங்கள் நோட்டில் முதல் பக்கத்தில் எழுதி வைத்தோம். "கம்பைலர் காட்டுவது நீங்கள் தவறு செய்த இடத்தை அன்று, அது குழம்பிய இடத்தை. முதல் பிழையை மட்டும் பாருங்கள். அந்த வரியையும் அதற்கு மேல் வரியையும் படியுங்கள். அதைத் திருத்திவிட்டு மறுபடி பாருங்கள். மற்றவை தாமாகவே மறையும்." அப்படியே செய்தோம். ஐந்து பிழைகளும் ஒன்றாக மறைந்தன. ஆனால் அந்த அறிவுரை முழுவதும் எங்கள் மனத்தில் பதியவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

எதற்காக இந்த அறிவிப்பு?

"டீச்சர், கம்பைலருக்குத்தான் எல்லாம் தெரியுமே! பெயரைப் பார்த்ததும் அதுவே புரிஞ்சுக்கக் கூடாதா?" என்று ஒரு நாள் கேட்டோம்.

அப்படிப் புரிந்துகொள்ளும் மொழிகளும் உண்டு என்றார் டீச்சர். 1957-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியில் அறிவிப்பு கட்டாயமில்லை. ஐ, ஜே, கே, எல், எம், என் என்னும் ஆறு எழுத்துகளில் தொடங்கும் பெயர் முழு எண். மற்றவை பின்ன எண் என்று அதுவே வைத்துக்கொள்ளும். வசதிதான். ஆனால் பெயரில் ஓர் எழுத்தைத் தவறாக எழுதிவிட்டால், அது புதிய மாறி என்று எண்ணிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் கணக்கைத் தொடரும். விடை தவறாக வரும், காரணம் தெரியாது.

சி மொழியின் கதை வேறு. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் என்னும் அறிஞர் 'பி' என்றொரு மொழியை உருவாக்கியிருந்தார். அதில் இன வேறுபாடே கிடையாது. எல்லாப் பெட்டிகளும் ஒரே அளவு. பி.டி.பி-11 என்னும் கணினி வந்தபோது, எழுத்துக்கு ஒரு பைட்டும் முழு எண்ணுக்கு இரண்டு பைட்டும் போதும் என்ற நிலை ஏற்பட்டது. எந்தப் பெயருக்கு எந்த அளவுப் பெட்டி என்று சொல்லியாக வேண்டுமன்றோ? தாம்சனுடன் பணியாற்றிய டென்னிஸ் ரிட்சி, 1972-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பி மொழிக்கு இன வேறுபாட்டைச் சேர்த்து வளர்த்ததே சி மொழி. 1978-இல் பிரையன் கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய நூல் அதை உலகெங்கும் பரப்பியது. 1989-இல் அமெரிக்காவில் அதற்கு ஒரு தரம் வகுக்கப்பட்டது.

இந்தப் பழைய தரத்தின்படி, ஒரு பகுதியின் அறிவிப்புகள் யாவும் அப்பகுதியின் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும். வேலை தொடங்கிய பின் நடுவில் அறிவிக்கக் கூடாது. 1999-இல் வந்த தரம் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்திற்று. எங்கள் டர்போ சியோ 1987-இல் போர்லண்ட் நிறுவனம் தொடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்குப் பழைய சட்டமே சட்டம். இந்தச் சட்டம்தான் எங்கள் கதைக்கும் திருப்பமாயிற்று.

ஆயாம்மாவின் வீடு

2023 டிசம்பர் 17, 18 நாள்களில் எங்கள் பகுதியில் பெய்த பெருமழையையும் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தையும் எவரும் மறந்திருக்க முடியாது. நம் பள்ளியில் பல ஆண்டுகளாகப் பணியாற்றிய ஆயாம்மாவின் வீடு ஆற்றங்கரையை ஒட்டி இருந்தது. மண்சுவர் வீடு. வெள்ளம் வடிந்தபோது சுவர் இல்லை. கூரை சேற்றில் கிடந்தது. சிறு வயதில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு ஓடியபோதெல்லாம் எங்களுக்கு மருந்து தடவிய கை அவருடையது.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் வகுப்புதோறும் நிதி திரட்டினோம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 23 பிரிவுகள். பணத்தை வாங்கிக் குறித்து வைக்கும் பொறுப்பு வணிகவியல் பிரிவைச் சேர்ந்த ஒரு தோழிக்குத் தரப்பட்டது. அவள் அதிகம் பேசமாட்டாள். நீளக் குறிப்பேட்டில் கோடு போட்டு, வகுப்பு, தொகை, கொண்டு வந்தவர் கையெழுத்து என்று அழகாக எழுதி வைத்திருந்தாள். 23 தொகைகளையும் கூட்டி அடியில் 18,430 ரூபாய் என்று எழுதியிருந்தாள். பெட்டியிலும் 18,430 ரூபாயே இருந்தது.

இத்துடன் நின்றிருக்கலாம். எங்களுக்குத்தான் கைகள் சும்மா இருக்கவில்லை! "மன்றத்தின் சார்பில் கணினியில் கணக்குப் பார்த்து, அச்சிட்டுத் தலைமையாசிரியையிடம் கொடுப்போம்" என்று முன்வந்தோம். வரிசையாக 23 தொகைகளை வாங்கி ஒவ்வொன்றாகக் கூட்டிச் சொல்லும் சிறிய நிரல். அரை மணியில் எழுதிவிட்டோம். முதலில் 'நிதிக் கணக்கு' என்று தலைப்பை அச்சிடும் வரி, அதற்கடுத்து 'டோட்டல்' என்னும் மாறியை அறிவித்து, அதில் சுழியத்தை வைக்கும் வரி, பிறகு கூட்டல்.

ஓட்டினோம், பிழை! அச்சிடும் வேலை தொடங்கிய பின் அறிவிப்பு வந்ததே காரணம். இது எங்களுக்குத் தெரிந்த பிழைதான். "பூ, இவ்வளவுதானா!" என்று, மேலே ஏற்கெனவே இருந்த அறிவிப்பு வரியின் கடைசியில் 'டோட்டல்' என்ற பெயரைச் சேர்த்தோம். கீழே இருந்த வரியை அழித்தோம். பிழை போயிற்று. நிரல் ஓடிற்று. பெருமையுடன் 23 தொகைகளையும் தட்டினோம்.

திரையில் வந்த மொத்தம் 19,284.

எங்களுக்குள் பேச்சு நின்றது. ஒருத்தி தாளில் கழித்துப் பார்த்தாள். 854 ரூபாய் வேறுபாடு. ஏறக்குறைய ஒரு வகுப்பு கொடுத்த பணம்! மறுபடி ஓட்டினோம், 19,284. மூன்றாம் முறை, அதே 19,284. "மூணு தடவையும் ஒண்ணுபோல வருதே, கணினி தப்புப் பண்ணாது" என்று எங்களுள் ஒருத்தி சொன்னாள். யார் சொன்னாள் என்பது இங்கே தேவையில்லை. ஐவரும் அதையே நினைத்தோம்.

தோழியை அழைத்துக் கேட்டோம். அவள் எங்கள் எதிரிலேயே விரல் வைத்துக் கூட்டி, "18,430தான் வருது" என்றாள். "உன் கூட்டல்ல எங்கேயோ தப்பு இருக்கு ஏட்டி, மெஷின் சொல்லுது" என்றோம். பெட்டியில் இருக்கும் பணத்துக்கு ஏற்றாற்போல அடியில் மொத்தத்தை எழுதிவிட்டாளோ என்ற எண்ணமும் எங்களுக்கு வந்தது. அதை வாய்விட்டுச் சொன்னோமா என்றால், சொல்லவில்லை. ஆனால் முகத்தில் காட்டினோம். அவள் குறிப்பேட்டை மூடி மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள்.

செய்தி மாலைக்குள் வகுப்பெங்கும் பரவிவிட்டது. நாங்கள் பரப்பவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. "கணக்கில் பணம் குறைகிறதாம்" என்று ஒருவரிடம் மட்டும் சொன்னால் போதாதா? மறுநாள் மதியம் அவள் வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். பக்கத்தில் எவரும் இல்லை.

ஒரு காசும் தராத பள்ளி

மூன்றாம் நாள் காலையில் டீச்சரிடம் விவரத்தைச் சொன்னோம். அவர் குறிப்பேட்டையும் கேட்கவில்லை, பெட்டியையும் கேட்கவில்லை. "நிரலைத் திறங்கள்" என்றார். திறந்தோம். "இப்போது 23 வகுப்புக்கும் சுழியம் கொடுங்கள்" என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை. இருந்தாலும் 23 முறை சுழியத்தைத் தட்டினோம். திரையில் மொத்தம் வந்தது: 854.

"ஒருவரும் ஒரு காசும் தராத பள்ளியில் 854 ரூபாய் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார் டீச்சர்.

நாங்கள் தலை குனிந்தோம். மேல் வரியில் 'டோட்டல்' என்ற பெயர் இருந்தது. அதில் சுழியத்தை வைக்கும் பகுதி இல்லை. பிழையைத் திருத்துகிறோம் என்று கீழ் வரியை அழித்தபோது, பெயரோடு சேர்த்துச் சுழியத்தையும் அழித்துவிட்டோம்!

பெயரை அறிவிப்பது வேறு. அதற்குத் தொடக்க மதிப்புக் கொடுப்பது வேறு. டீச்சர் அதை விடுதி அலமாரியை வைத்து விளக்கினார். விடுதியில் புதிதாகச் சேரும் மாணவிக்கு ஓர் அலமாரியை ஒதுக்கி, கதவில் பெயரை ஒட்டுகிறார்கள். கதவில் பெயர் புதிது. உள்ளே முந்தைய மாணவி விட்டுச் சென்ற பழைய தாள்கள் கிடக்கலாம். துடைத்து எடுத்தால்தான் அலமாரி நம்முடையது. சி மொழியில் ஒரு செயற்கூறுக்குள் சாதாரணமாக அறிவிக்கும் மாறியும் அப்படியே. நினைவகத்தில் ஓர் இடம் கிடைக்கும். அங்கே முன்பு என்ன எண் இருந்ததோ அது அப்படியே இருக்கும். அந்த எண்ணின் மேல்தான் எங்கள் 23 வகுப்புகளின் பணத்தையும் கூட்டியிருக்கிறோம். செயற்கூறுகளுக்கு வெளியே அறிவிக்கும் மாறிகளைச் சி மொழியே சுழியமாக்கித் தரும். உள்ளே அறிவிப்பவற்றைத் துடைப்பதற்கும் நேரம் ஆகுமாகையால், அந்த வேலையை எழுதுபவரிடமே விட்டுவிட்டது. சிறிய, மெதுவான கணினிகள் இருந்த காலத்தில் பிறந்த மொழியல்லவா!

"அப்படியானால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வரவேண்டாமா, டீச்சர்?" என்று கேட்டோம். வரலாம், வராமலும் இருக்கலாம். அதே கணினியில், அதே நிரலை, அதே முறையில் ஓட்டினால் அதே குப்பையே அங்கே கிடக்கவும் கூடும். மூன்று முறை ஒரே விடை வந்தது என்பதால் அது சரியான விடை ஆகிவிடாது. ஒரே பொய்யை மூன்று முறை கேட்டோம், அவ்வளவுதான்.

பிறகு டீச்சர் இன்னொன்றையும் காட்டினார். நாங்கள் எப்போதும் கன்ட்ரோல் விசையையும் எஃப்9 விசையையும் சேர்த்து அழுத்தி, நிரலை நேராக ஓட்டிவிடுவோம். பிழை இருந்தால் மட்டும் அது நிற்கும். இப்போது ஆல்ட் விசையுடன் எஃப்9 விசையை அழுத்தச் சொன்னார். பிழைகள் 0, எச்சரிக்கைகள் 1 என்று காட்டிற்று. அந்த எச்சரிக்கையைப் படித்தோம். 'டோட்டல்' என்பதற்கு மதிப்பு எதுவும் தரப்படும் முன்பே அது பயன்படுத்தப்படுவதாகத் தெரிகிறது என்பது அதன் பொருள்!

கம்பைலர் சொல்லியிருக்கிறது. முதல் நாளே சொல்லியிருக்கிறது. கத்திச் சொல்லவில்லை, மெல்லச் சொல்லியிருக்கிறது. நாங்கள்தான் கேட்கவில்லை. அதுபோலவே, "18,430தான் வருது" என்று மெல்லச் சொன்ன இன்னொரு குரலையும் நாங்கள் கேட்கவில்லை.

மேல் வரியில் சுழியத்தைச் சேர்த்தோம். 23 தொகைகளையும் மீண்டும் தட்டினோம். 18,430.

அந்த நேரத்தில் கணினி அறை வாசலில் நிழல் விழுந்தது. அவள்தான். உள்ளே வந்து, டீச்சர் மேசைமேல் ஒரு கைக்குட்டை முடிச்சை வைத்தாள். "எண்ணூத்து அம்பத்து நாலு ரூவா இருக்கு டீச்சர். அம்மா குழுவில கேட்டு வாங்கித் தந்தாங்க. எங்கே போச்சுன்னு எனக்குத் தெரியல்ல. ஆயாம்மாவுக்குக் குறையக் கூடாது" என்றாள்.

எங்கள் ஐவருக்கும் அந்த நிமிடத்தில் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. டீச்சர் ஒன்றும் பேசவில்லை. அவர் எங்களைத்தான் பார்த்தார். நாங்கள் எழுந்து போய் அவளைத் திரைமுன் உட்கார வைத்தோம். சுழியங்களைத் தட்டி 854 வந்ததையும், அழித்த வரியையும், படிக்காமல் விட்ட எச்சரிக்கையையும் காட்டினோம். "தப்பு உன் நோட்டில இல்ல; எங்க நிரல்ல இருந்தது. உன்னையும் சந்தேகப்பட்டோம். எங்களை மன்னிச்சிரு" என்று சொன்னோம். அவள் சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஒரு தடவை நோட்டில கூட்டிப் பார்த்திருக்கலாம்லா?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு எங்களிடம் விடை இல்லை. இன்றும் இல்லை.

மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில், தலைமையாசிரியை சிஸ்டரின் அனுமதி பெற்று, பள்ளி முழுவதற்கும் அந்தத் தவற்றைச் சொன்னோம். ஒருவரிடம் சொன்ன பழி ஊரெல்லாம் பரவியதால், மறுப்பையும் ஊரறியச் சொல்வதே முறை என்று டீச்சர் கூறியிருந்தார். கைக்குட்டை முடிச்சு அன்றே அவள் அம்மாவிடம் திரும்பிப் போயிற்று. 18,430 ரூபாயும் ஆயாம்மாவின் கைக்குச் சென்றது.

கற்றுக்கொண்டவை

அவ்வாரமே டீச்சர் நிரலில் இருந்த இன்னொரு பள்ளத்தையும் காட்டினார். டர்போ சியில் 'இன்ட்' என்னும் முழு எண்ணுக்கு இரண்டு பைட்டு மட்டுமே. அது தாங்கும் பெரிய எண் 32,767. எங்கள் மொத்தம் 18,430 ஆனதால் தப்பித்தோம். நிதி 32,768 ரூபாய் ஆகியிருந்தால் திரையில் மைனஸ் 32,768 என்று வந்திருக்கும்! அப்போது யாரைச் சந்தேகப்பட்டிருப்போமோ தெரியாது. 'லாங் இன்ட்' என்று அறிவித்தால் இந்த இடர் இல்லை. இது சிறுபிள்ளைகளின் தவறு மட்டுமன்று. 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 என்னும் ஐரோப்பிய ஏவூர்தி தன் முதல் பயணத்தில், புறப்பட்டு 40 விநாடி அளவில் சிதறிற்று. பெரிய எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்ற முயன்றபோது அது அடங்காமல் போனதே தொடக்கக் காரணம். அந்த நிரல் சி மொழியில் அன்று, ஏடா என்னும் மொழியில் எழுதப்பட்டது. எந்த மொழியானாலும் பெட்டியின் அளவை மறந்தால் ஆபத்துதான்.

பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் மொழியைப் படித்தோம். அங்கே அறிவிப்பு எழுத வேண்டியதில்லை. "அப்பாடா!" என்று மூச்சு விட்டோம். ஆனால் மதிப்பு வைக்கும்போது பெயரில் ஓர் எழுத்து மாறிவிட்டால், பைத்தான் அதைப் புதிய பெயர் என்று ஏற்றுக்கொண்டு மேலே போய்விடும். அன்று டீச்சர் ஃபோர்ட்ரானைப் பற்றிச் சொன்னது நினைவுக்கு வந்தது. வசதி வரும்போது பொறுப்பும் கூடவே வருகிறது.

தங்கைகளே! நீங்களும் நாளை நிரல் எழுதுவீர்கள். ஆகையால் எங்கள் நோட்டில் அன்று எழுதிய நான்கு வரிகளை உங்களுக்குத் தருகிறோம். பிழைகள் பல வந்தால் முதல் பிழையிலிருந்து தொடங்குங்கள். மாறியை அறிவிக்கும்போதே அதற்குத் தொடக்க மதிப்பும் கொடுங்கள். பிழை இல்லை என்றாலும் எச்சரிக்கை உண்டா என்று பாருங்கள். விடை தெரிந்த கணக்கை முதலில் கொடுத்துச் சோதித்த பிறகே, விடை தெரியாத கணக்கைக் கொடுங்கள். 23 சுழியங்களைத் தட்ட எங்களுக்கு ஒரு நிமிடம்தான் ஆயிற்று. அந்த ஒரு நிமிடத்தை முதல் நாளே செலவிட்டிருந்தால், ஒரு தோழி மரத்தடியில் தனியாகச் சாப்பிட்டிருக்க மாட்டாள்.

கம்பைலர் காட்டும் பிழைகளைக் கண்டு முன்பு அழுதோம். இப்போது அழுவதில்லை. தவறு செய்தவுடன் நிறுத்திச் சொல்பவரை விட நல்ல நண்பர் யார்? அஞ்ச வேண்டியது, ஒன்றும் சொல்லாமல் ஓடிவிடும் பிழைக்குத்தான். அதைவிட அஞ்ச வேண்டியது, பிழையைத் தன்னிடம் தேடாமல் பிறரிடம் தேடும் மனத்துக்கு.

அந்தத் தோழி பிப்ரவரி மாதத்தில் கணினி மன்றத்தில் சேர்ந்தாள். நாங்கள் எழுதும் நிரல்களை ஓட்டுவதற்கு முன் தாளில் கணக்குப் போட்டு, விடையை எழுதி மடித்து வைத்துக்கொள்வாள். திரையில் விடை வந்த பிறகே தாளைப் பிரிப்பாள். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒரு சிறு புன்னகை. வேறாக இருந்தால் எங்களை ஒரு பார்வை பார்ப்பாள். நாங்கள் உடனே அறிவிப்பு வரிகளைப் படிக்கத் தொடங்குவோம்.